இரண்டு சிறுவர்கள் கிறுக்கியது

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்ததை நேரலையில் பார்த்திருப்பீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுலானி மொழிக்கு உருவான அத்லம் எழுத்தைப் பற்றி நான் பேசும்போது ஒருவர் எழுந்து, "ரெண்டு பசங்க வீட்ல உட்கார்ந்து கிறுக்கினதுக்கெல்லாம் யூனிகோடில் இடமா?" என்றார். (உலகத்து எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் கணினிக்காக ஓர் எண் கொடுக்கும் பொதுப் பட்டியல்தான் யூனிகோடு.) அரங்கமே சிரித்தது. மூன்று நாளாகியும் எனக்கு மனசு ஆறவில்லை.

ஆமாம், பசங்கதான். 1989இல் கினி நாட்டின் நசெரெகோரேயில் இப்ராஹிமா பாரிக்கு 14 வயது, தம்பி அப்துலாயேவுக்கு 10. ஊரார் கொண்டுவரும் கடிதங்களை அவர்களுடைய அப்பா படித்துச் சொல்வார். ஃபுலானி மொழியை அரபு எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். சில ஒலிகளுக்கு அரபியில் எழுத்தே கிடையாது. அந்தத் திண்டாட்டத்தைப் பார்த்துத்தான் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு புது எழுத்துகளை வரைந்தார்கள். கையால் எழுதியே பரப்பினார்கள். பிற்பாடு ஒரு கூட்டத்திலிருந்து அண்ணனைப் பிடித்துப்போய் 3 மாதம் சிறையில் வைத்தார்கள். இதையா கிறுக்கல் என்கிறீர்கள்?

அரபு எழுத்துகளுக்கான கணினி எண்களை வைத்தே சமாளிக்கலாமே என்பவர்களுக்கு: அதையும் செய்துபார்த்தார்கள். அரபு எழுத்துகளின் எண்கள்மேல் அத்லம் வடிவங்களை ஏற்றி எழுத்துரு செய்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளில்லாத அரபு எழுத்துகள்தான் வரும். கணினிக்கு எண்தான் தெரியும். தனக்கென்று எண் இல்லாத எழுத்து, அடுத்த கணினிக்குப் போனதும் வேறு எழுத்தாகிவிடும்.

இது எனக்குப் புத்தகப் படிப்பு இல்லை. 2001இல் அம்மா சொல்லச் சொல்ல, மஸ்கட்டிலிருந்த அண்ணனுக்கு பிரவுசிங் சென்டரில் தமிழில் மெயில் தட்டினேன். மறுநாள் போன் செய்து, "என்னடா, ஒரே இங்கிலீஷ் எழுத்தும் கமாவுமா இருக்கு?" என்றான். அப்போது தமிழ் எழுத்துருவும் இங்கிலீஷ் எழுத்துகளின் எண்கள்மேல் ஏற்றியதுதான்; அவனுடைய கணினியில் அந்த எழுத்துரு இல்லை. கடைசியில் ஐஎஸ்டியில் முழுக் கடிதத்தையும் நானே படித்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அத்லம் யூனிகோடில் இடத்தை அடைக்கிறதாம். அங்கே இருப்பது 11 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள். அத்லத்துக்கு 2016இல் ஒதுக்கியது 96. விண்டோஸில் அது தெரிவதற்கு 2019 ஆகிவிட்டது. சரி, ஃபுலானி பேசுகிறவர்கள் ஏழைகள், கணினி எத்தனை பேரிடம் இருக்கும் என்றும் ஒருவர் கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்தக் காலத்தில் என்னோடு சேர்ந்து எழுத்துரு இல்லாமல் அவதிப்பட்டவர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.