எல்லா வண்டியும் கத்தினால் எந்த வண்டிக்கும் கேட்காது

பனிமூட்டத்தில், முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கை மட்டும் நம்பி ஓட்டியிருக்கிறீர்களா? அந்த வண்டிக்கு முன்னால் என்ன நடக்கிறதென்று நமக்குத் தெரியவே தெரியாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர். விளக்கைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆனால், 42 மீட்டர் அதிலேயே போச்சு.

வண்டிகள் தங்களுக்குள் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்ளும் ஏற்பாடு இதற்குத்தான். இருக்கும் இடம், வேகம், திசை மூன்றையும் நொடிக்கு 10 முறை வரை ஒவ்வொரு வண்டியும் அறிவிக்கும். திடீரென்று பிரேக் பிடித்தால் அதையும் சொல்லும். சில நூறு மீட்டர் எட்டும். அதைத் தாண்டிப் போக வேண்டுமானால் இடையில் இருக்கிற வண்டிகள் வாங்கி மறுபடி சொல்ல வேண்டும்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் செய்தி போய்ச் சேர எத்தனை மில்லிசெகண்ட் என்பதிலேயே நிற்கிறார்கள். எனக்கென்னவோ சிக்கல் அங்கே இல்லை. கேட்ட வண்டி எல்லாம் உடனே திருப்பிச் சொல்லக் கிளம்பினால், சிக்னல்கள் ஒன்றோடொன்று மோதி ஒன்றுமே உருப்படியாகப் போய்ச் சேராது. இதற்கு 'பிராட்காஸ்ட் புயல்' என்று பெயர். போதாததற்கு, எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லும் செய்திக்கு 'கிடைத்தது' என்ற பதிலும் வராது.

தீர்வு ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிரேக் பிடித்த வண்டிக்கு 40 மீட்டர் பின்னால் ஒரு கார், 250 மீட்டர் பின்னால் ஒரு லாரி என்று வையுங்கள். திருப்பிச் சொல்லும் முன் காத்திருக்க வேண்டிய நேரம், தொலைவில் இருப்பவருக்குக் குறைவு என்பது விதி. அதனால் லாரி முந்திக்கொள்ளும். வாயைத் திறக்கப்போன கார் அதைக் கேட்டதும் சும்மா இருந்துவிடும். முதலில் சொன்ன வண்டிக்கும் லாரியின் குரல் கேட்கும். அதுவே பதில் மாதிரி. கேட்கவில்லையா, மறுபடி சொல்லும். அப்புறம் லாரிக்கும் இதே கதைதான்.

இவ்வளவு யோசித்தவர்கள் மொழியில் கோட்டை விட்டுவிட்டார்கள். வைஃபை வழி வந்த 802.11p ஒரு பக்கம், செல்போன் வழி வந்த சி-வி2எக்ஸ் இன்னொரு பக்கம். ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. அமெரிக்காவில் 1999-இல் இந்தப் பேச்சுக்கென்று 75 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசையை ஒதுக்கினார்கள். சாலைகளில் பெரிதாக எதுவும் வராமலே ஆண்டுகள் ஓடின. 2020-இல் அதில் 45-ஐ வைஃபைக்குக் கொடுக்க முடிவெடுத்து, மீதி 30-ஐ சி-வி2எக்ஸுக்கு என்றார்கள். ஐரோப்பாவிலோ 2019-இல் வந்த எட்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் வைஃபை வழியில் பேசுகிறது.

எது உசத்தி என்ற வழக்கு எனக்கு வேண்டாம். அந்த லாரியிலும் அந்தக் காரிலும் ஒரே ரேடியோ இருந்தால் சரி.