பெல்ட் போட்டது குற்றம், இன்ஜின் மாற்றினது ஒரிஜினல்

ஏற்காட்டில் நடந்த பழைய கார்களுக்கான மலைச்சாலைப் போட்டி முடிந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. "விடுங்கண்ணா, ஜாலிக்குத்தானே" என்று இன்பாக்ஸில் ஆறுதல் சொல்கிற எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்: விட முடியவில்லை.

நடந்தது இதுதான். என்னுடைய 1966 ஃபியட் 1100 டிலைட்டை 'மாடிஃபைடு' பிரிவில் தள்ளினார்கள். காரணம் சீட் பெல்ட், தீயணைப்பு சிலிண்டர், அப்புறம் பெயின்ட் கலர். பானெட்டுக்குள் நிசான் இன்ஜின் வைத்த 1971 ஃபியட்டோ 'ஒரிஜினல்' பிரிவில் ஏறிக் கோப்பை வாங்கியது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கவேண்டிய கியர் லீவர் தரையிலிருந்து முளைத்து நிற்கிறது! செக் பண்ண வந்தவர் அதற்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "சீட் கவர் சூப்பர் சார்" என்றார். என் காதால் கேட்டேன்.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் 'அப்பெண்டிக்ஸ் கே' என்று ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. பழைய கார் பந்தயத்துக்கு உலகம் முழுக்க அதுதான் அளவுகோல். 1966 முதல் 71 வரை 'ஜி' காலகட்டம். ஆக, வருஷக் கணக்கில் அந்த 71 வண்டியும் என் வண்டியும் ஒரே காலகட்டம்தான், அதில் சண்டையே இல்லை. ஆனால் வருஷம் மட்டும் போதாது. அந்தக் காலத்தில் இருந்த அமைப்பிலேயே வண்டி இருக்கவேண்டும். அந்த 1171 சிசி நிசான் இன்ஜின் இந்தியாவுக்கு வந்ததே 1985இல், பிரீமியர் 118 என்.ஈ. காரோடு. பெல்ட், ரோல் கேஜ் (வண்டி உருண்டால் உள்ளே இருப்பவரைக் காக்கிற கம்பிக்கூடு), தீயணைப்பான் எல்லாம் பாதுகாப்புக்காக அங்கே கேட்டு வாங்கிப் போடச் சொல்கிற சமாச்சாரங்கள். இங்கே அதுதான் குற்றம்!

"பழைய இன்ஜினுக்கு சாமான் கிடைக்காதே" என்கிறார் ஒரு நண்பர். சரி, நியாயம். கிடைக்காவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றினவர்கள் பிரிவில் ஓட்டுங்கள். முடிந்தது. "உனக்குப் பொறாமை" என்கிறவருக்கு என்ன சொல்ல? ஆமாம், அவர்கள் காரை ஏற்றிக்கொண்டு வந்த டிரெய்லரைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைதான். கோப்பையைப் பார்த்து இல்லை.

அப்பாவுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒர்க்‌ஷாப். ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த ஃபியட்டுகள் நேராக அங்கேதான் நிற்கும், சக்கரத்துக்குள்ளிருந்து பிரேக் லைனிங் கருகிய நாற்றம் வரும். நாலும் டிரம் பிரேக். புதுப்பையன் ஒருத்தன் சூடு தணியட்டும் என்று பக்கெட் தண்ணீரோடு வந்தால் முதுகில் ஒன்று விழும். சூடேறிய டிரம்மில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். "இருபது கொண்டை ஊசியையும் செகண்ட் கியர்ல இறக்குங்க மாமா, பிரேக்கை அப்பப்ப தொட்டா போதும்" என்று வண்டிக்காரரிடம் அப்பா சொல்வார். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவனைப் பார்த்து, நேற்று கார் வாங்கினவர் "தம்பி, ஒரிஜினாலிட்டின்னா என்னன்னு தெரியுமா" என்கிறார்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். டிரெய்லரில் வந்த வண்டிகளுக்கு நிழலில் இடம், சேலத்து வண்டிகளுக்கு வெயிலில். பானெட்டைத் திறந்து பார்த்ததும் எங்கள் வண்டிகளை மட்டும்தான். விதியைக் காகிதத்தில் கொடுங்கள் என்று முன்கூட்டியே கேட்டேன். "வாங்க, பாத்துக்கலாம்" என்றார்கள். நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள்.

என்ட்ரி ஃபீஸைத் திருப்பித் தருகிறோம் என்று நேற்று போன் வந்தது. பணம் வேண்டாம். ரிசல்ட் ஷீட்டைத் திருத்துங்கள்.