அரையாண்டு முடிந்து வைக்கிற ஸ்பெஷல் கிளாஸில் பாஸ் வரும், கணக்கு வராது

பத்தாம் வகுப்பு அரையாண்டு மார்க் வந்த கையோடு நம்ம திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு பட்டியல் போடுவார்கள். 35-க்குக் கீழே எடுத்த பிள்ளைகள் காலையில் வெள்ளனே வர வேண்டும், சாயங்காலம் பெல் அடித்த பிறகும் இருக்க வேண்டும். இதை நடத்துகிற ஆசிரியர்கள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. தேர்ச்சி சதவீதம் எவ்வளவு என்று மேலே இருந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அதற்கு நடுவில் பசியோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் பிஸ்கட் வாங்கிக் கொடுக்கிற டீச்சர்கள் இருக்கிறார்கள். என் வருத்தம் அந்த வகுப்பு தொடங்குகிற நேரத்தைப் பற்றியது.

ஜனவரியில் தொடங்கினால் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? பத்தாம் வகுப்பு கணக்குத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மார்க் கேள்வி 14, புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை மனப்பாடம் செய்தால் பெரும்பகுதி தேறும். ஜியோமெட்ரிக்கு 8, கிராஃபுக்கு 8. ஆக 30. அப்புறம் முதல் பாடத்தில் அம்புக்குறிப் படம், அட்டவணை, வரிசைச் சோடி என்று ஒரே மாதிரி வருகிற ஒரு ஐந்து மார்க் கணக்கு. 35 வந்துவிட்டது, பிள்ளை பாஸ். குறைந்த நாளில் இதைவிட நல்ல வழி யாராலும் சொல்ல முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் தொடுகோடு வரையத் தெரிந்த அதே பையனிடம் மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா என்று கேட்டால், நாலு பெரிய எண் என்பதால் நான்கில் ஒன்று என்கிறான். அவன் பாஸாகி பேட்டை ஐடிஐயில் ஃபிட்டர் சேர்ந்தால் முதல் மாதமே வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்து மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என்று அளக்கச் சொல்வார்கள். பத்தாம் வகுப்பில் மறைத்துவைத்த குறை அங்கே போய் வெளியே வரும், அங்கே அதற்கு ஸ்பெஷல் கிளாஸும் கிடையாது.

இந்தப் பிள்ளைகளுக்கு மண்டையில் ஏறாது என்று சொல்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. எங்கள் ஊரில் சாயங்காலம் கொஞ்சம் பிள்ளைகளுக்கு நான் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் அம்மாவோடு சேர்ந்து பீடி சுற்றுகிற ஒரு பிள்ளை, ஆயிரம் பீடிக்குக் கூலி இவ்வளவு என்றால் 650-க்கு எவ்வளவு என்று பேப்பர் இல்லாமல் சொல்லிவிடுகிறாள், அதே கணக்கு நேர் மாறல் என்ற பெயரில் தாளில் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள். அவளுக்கு நடுவில் ஒரு படி இல்லை, அவ்வளவுதான். அது எங்கே போனது என்றும் தெரியும். 2025 ஜூனில் பத்தாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள், 2020 மார்ச்சில் பள்ளியைப் பூட்டியபோது நாலாம் வகுப்பில் இருந்தவர்கள். ஒன்று முதல் எட்டு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. பின்னமும் நீள் வகுத்தலும் கையில் ஊறவேண்டிய ஐந்தாம் வகுப்பு முழுக்க வீட்டிலேயே போய்விட்டது. தன்னார்வலர்கள் சாயங்காலம் சொல்லிக்கொடுத்த இல்லம் தேடிக் கல்வி வந்து நிறையப் பேரைத் தூக்கிவிட்டது, ஆனாலும் விட்டுப்போன எல்லாவற்றையும் சாயங்கால வகுப்பிலேயே பிடித்துவிட முடியாது.

அதனால்தான் ஆதரவு வகுப்பு எட்டிலும் ஒன்பதிலுமே தொடங்க வேண்டும் என்கிறேன். 2025-ல் அரசு ஆறு முதல் ஒன்பது வரை கொண்டுவந்த திறன் திட்டம் இந்த வழியில்தான் போகிறது. முதலில் ஒரு தேர்வு வைத்து, தமிழ், இங்கிலீஷ், கணக்கில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து, அங்கிருந்து ஆரம்பிக்கிறார்கள். இதை மனசாரப் பாராட்டுகிறேன். அதைப் பள்ளியில் ஒழுங்காக நடத்த விடுகிறோமா என்பதுதான் கேள்வி. வாசிக்கத் திணறுகிற ஒன்பதாம் வகுப்புப் பையனை எல்லார் முன்னாலும் எழுப்பிவிட்டு "நீ அந்தக் கூட்டத்தோட போய் உக்காருல" என்றால் அவன் அடுத்த நாள் ஆற்றங்கரையில்தான் இருப்பான், பள்ளியில் இருக்க மாட்டான். பைய, தனியாகக் கூப்பிட்டு, அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு கணக்கைப் போடவைத்து அங்கிருந்து மேலே ஏற்ற வேண்டும். நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

இன்னொன்று பஸ். ஐந்தரைக்கு வகுப்பை விட்டால் மானூர், களக்காடு பக்கத்து உள் கிராமத்துப் பிள்ளைகளுக்கு டவுன் பஸ் போயிருக்கும், அடுத்தது எப்போது வரும் என்று இருட்டில் நிற்க வேண்டும். அப்படி ஒரு வாரம் போனால் வீட்டில் முதலில் நிறுத்துவது பெண் பிள்ளையைத்தான். மத்தியானம் சாப்பிட்ட சோறு அஞ்சு மணிவரை தாங்காது, ஒரு கை சுண்டலாவது வேண்டும்.

பெற்றோர்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனால் பாத்ரூம், காம்பவுண்டு சுவர் எல்லாம் பேசுங்கள், வேண்டியதுதான். கூடவே ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் தமிழைத் தடுமாறாமல் வாசிக்கிறார்கள், தடுமாறுகிறவர்களுக்கு வகுப்பு எந்த நேரத்தில் நடக்கிறது, முடிந்த பிறகு பஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். தலைமை ஆசிரியர் கையில் அந்தக் கணக்கு இருக்கும். பஸ் நேரத்தை மாற்றச் சொல்லி மனு கொடுக்க அவருக்கும் நாலு பெற்றோர் கையெழுத்து தேவைப்படும்.