காலைப் பிடித்துவிடும்போதும் கேமராவா?

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வேடமிட்டவனைக் கண்டதும் கைபேசியை நீட்டிவிட வேண்டும் என்று எந்தச் சாத்திரம் சொல்கிறது? ஆடும்போது எடுங்கள், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையில் தோல்பைத் துருத்தியால் நீரைப் பீய்ச்சும்போது எடுங்கள், அது ஊர் பார்க்கச் செய்வதுதான். ஆனால் அழகர் தங்கிச் செல்லும் மண்டகப்படி ஓரத்தில் ஒருவன் காலை நீட்டிக் கண்ணை மூடி, ஒரு பெரியவரிடம் கெண்டைக்காலைப் பிடித்துவிடக் கொடுத்திருக்கும் நேரத்திலுமா?

இந்த வேடத்தின் பாரம் உடுத்தியவருக்குத்தான் தெரியும். சல்லடம் என்னும் அரைக்கால்சட்டையில் தைத்த சரிகை நனைந்தபின் தொடையை அறுக்கும். தலையில் கட்டிய உருமால் நீரைக் குடித்துக் கழுத்தை இழுக்கும். நீர் நிறைந்த ஆட்டுத்தோல் பையின் வார் தோளில் பதிந்து தடித்துப்போகும். விரதமிருந்த உடம்போடு இவ்வளவையும் சுமந்துகொண்டு, மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம் வரை, கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு வருகிறோம். (உயர் அழுத்த பம்பு வைத்துப் பீய்ச்சக்கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024இல் சொன்னது சரியே, தோல்பையை அமுக்கி அமுக்கி முன்கை மரத்துப்போவது தனிக்கதை.)

என் காலைப் பிடித்துவிட்ட அந்தப் பெரியவர் வெதுவெதுப்பான நல்லெண்ணெயைத் தொட்டு, குதிகாலிலிருந்து கட்டைவிரலால் நீவி மேலேற்றி, பின்காலில் உருண்டு நின்ற பிடிப்பின் மேல் வந்ததும் நிறுத்தி, "மூச்சை விடுங்க தம்பி" என்று சொல்லி அழுத்தினார். பிடிப்பு மெல்ல இளகியது. கூட்டத்தின் இரைச்சல்கூடத் தள்ளிப்போனது போலிருந்தது. அந்தச் சுகத்தை முழுதாக அனுபவிக்க விட்டார்களா?

"அண்ணே, கண்ணைத் திறங்க, ஒரே ஒரு போட்டோ" என்றான் ஒருவன். "அழகரே மசாஜ் பண்ணிக்கிறாருடா" என்று இன்னொருவன் சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தான். வேண்டாமென்று கையை அசைத்தேன்; அந்தக் கையசைப்பையும் எடுத்துக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை செய்துகொண்டிருந்த மனிதரைப் பார்த்து ஒருவன், "பெருசு, செத்த நகருங்க, முகம் மறைக்குது" என்றானே, அதைத்தான் இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.

வேடம் போட்டால் நாலு பேர் எடுக்கத்தான் செய்வார்கள் என்று சமாதானம் சொல்ல வராதீர்கள். இது பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியன்று, நேர்த்திக்கடன். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்துத் தையற்காரர்கள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பின்னும் தேடிப்போய் அளவு கொடுத்துத் தைத்த உடை இது. அழகரே வழிநெடுக நானூற்றுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் இளைப்பாறித்தான் போகிறார்; அவருக்கு அலங்காரம் மாற்றும்போது திரை போடுகிறார்கள், எவரும் அதை விலக்கிப் படமெடுப்பதில்லை.

நீர்மோர்ப் பந்தலுக்கு அத்தனை துணி கட்டுகிறவர்கள், ஓரமாக நாலு கம்பு நட்டு ஒரு பழைய வேட்டியைச் சுற்றிவிட்டால் போதும். அதையும் விலக்கிக்கொண்டு உள்ளே நீளும் கைபேசியை என்ன செய்வது என்பதைத் துருத்தியில் தண்ணீர் வைத்திருக்கும் எங்களிடம் விட்டுவிடுங்கள்.