சோனியா வாசிக்கும் லாசரு
பைபிள் கதைகள் பிற்கால நாவல்களில் பெயராகவும் உவமையாகவும்தான் வருகின்றன, கதையை நகர்த்துவதில்லை என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ரஷ்ய எழுத்தாளர் தஸ்தாயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' (1866) நாவல் ஒன்றே போதும். கொலை செய்த ரஸ்கோல்னிகோவ், இறந்து நான்கு நாளான லாசருவை இயேசு எழுப்பும் பகுதியை வாசிக்கச் சொல்லி, குடும்ப வறுமையால் உடலை விற்கும் சோனியாவை வற்புறுத்துகிறான். அவள் கையில் இருப்பது லிசவேதா கொடுத்த புதிய ஏற்பாட்டுப் புத்தகம். அவன் கோடரியால் கொன்ற அதே லிசவேதா! கடைசியில் சைபீரியச் சிறையில் அவன் தலையணைக்கு அடியில் இருப்பதும் அந்தப் புத்தகம்தான். லாசருவை எடுத்துவிட்டால், அவனும் மறுபடி உயிர்த்தெழுவது போல் அமைந்த நாவலின் முடிவே நிற்காது. தஸ்தாயெவ்ஸ்கிக்கும் 1850-இல் சிறைக்குப் போகும் வழியில், சைபீரியாவின் தொபோல்ஸ்க் நகரில், 1825-இல் ஜாருக்கு எதிராக எழுந்த டிசம்பர் கிளர்ச்சியாளர்களின் மனைவியர் ஒரு புதிய ஏற்பாடு கொடுத்தார்கள். சாகும்வரை அதை வைத்திருந்தார். அப்புறம், விசுவாசிகளுக்குத்தான் இதெல்லாம் உறைக்கும் என்று மேலே பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். நான் கிறிஸ்தவன் இல்லை. பைபிளைத் திறந்துகூடப் பார்க்காத வயதில் இந்த நாவலைத் தமிழில் படித்தேன். சோனியாவின் குரல் நடுங்கும் இடத்தில் மேலே போக முடியாமல் நிறுத்திவிட்டேன். லாசரு கதை வரும் யோவான் நற்செய்தியைத் தேடிப் படித்ததே அதற்குப் பிறகுதான்.