7,866 குழாய்களும் நம் ஊர் கால் ஆர்மோனியமும்

லண்டன் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா என்ற மேற்கத்திய இசைக்குழுவின் ஒரு நேரடி ஒலிப்பதிவைக் கொஞ்ச நாளாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 2014 மார்ச்சில் லண்டனில் உள்ள ராயல் ஃபெஸ்டிவல் ஹால் அரங்கத்தில் ரசிகர்கள் முன்னால் வாசித்தது. இசைக்குழுவை நடத்துபவர் யானிக் நெஸே-செகன், ஆர்கனில் (குழாய்களில் காற்றை ஊதி ஒலிக்கும் பெரிய வாத்தியம்) ஜேம்ஸ் ஓ'டானல். பிரெஞ்சு இசையமைப்பாளர்கள் இருவரின் படைப்புகள்: பூலாங்கின் ஆர்கன் கான்செர்ட்டோ, அப்புறம் சான்-சான்ஸின் மூன்றாவது சிம்பொனி.

அந்த அரங்கத்தின் ஆர்கன் மீண்டும் முழுசாக ஒலித்த மாதம் அது. ரால்ஃப் டவுன்ஸ் வடிவமைக்க, ஹாரிசன் அண்ட் ஹாரிசன் கட்டி, 1954-ல் அரங்கேறியது. மொத்தம் 7,866 குழாய்கள். 2005-ல் அரங்கத்தைப் புதுப்பிக்க மூடியபோது அதையும் கழற்றினார்கள். 2007-ல் அரங்கம் திறந்தபோது மூன்றில் ஒரு பங்கு ஆர்கன்தான் திரும்பி வந்திருந்தது. மீதிக்குப் பணம் திரட்டினார்கள். பொதுமக்கள் ஆளுக்கொரு குழாய் என்று பொறுப்பேற்றுப் பணம் கொடுத்தார்கள். ஒரு எலெக்ட்ரானிக் பெட்டியை வைத்துச் சமாளித்திருந்தால் வேலை எவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும்! அதைச் செய்யாமல் காத்திருந்தார்களே, அதற்காகவே அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

சான்-சான்ஸ் இந்த சிம்பொனியை எழுதியதே லண்டனுக்காகத்தான். ராயல் பில்ஹார்மோனிக் சொசைட்டி கேட்டு, 1886-ல் அவரே அங்கே நடத்தினார். எல்லோரும் கடைசிப் பகுதியில் ஆர்கன் இடி மாதிரி இறங்கும் அந்த சி மேஜர் ஸ்வரக்கூட்டுக்காகக் காத்திருப்பார்கள். அது பிரமாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் என் மனம் நிற்பது அதற்கு வெகு முன்பு, முதல் பாகத்தின் நடுவில். வேகமெல்லாம் அடங்கி, தந்தி வாத்தியங்கள் மெதுவாகப் பாட ஆரம்பிக்கும்போது ஆர்கன் முதன்முறையாக உள்ளே வருகிறது. சத்தமே போடாது. காருகுறிச்சி அருணாச்சலம் வாசித்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கு நாகஸ்வரத்தின் அடியில் ஒரே சுருதி பிடிக்கும் ஒத்து எப்படி நிற்கும் என்று தெரியும். அப்படி அடியில் நின்று மேலே இருப்பதையெல்லாம் தாங்குகிறது. தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். 32 அடிக் குழாயின் அடி ஸ்வரம் விநாடிக்கு 16 அதிர்வுதான். காதை விட நெஞ்சுக்குத்தான் அது முதலில் தெரியும். போனில் அது வரவே வராது. நல்ல ஹெட்போனாவது வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், நம் பக்கம் நடப்பது வேறு. பாளையங்கோட்டையில் இருந்து தெற்கே செம்மணல் தேரிக்காடு வரைக்கும் கிறிஸ்தவக் கோயில் பாட்டில் ஊறிய ஊர்கள். ஞானப்பாட்டு என்கிற கிறிஸ்தவப் பாடல்களை நான்கு குரலில் பாடுகிற பாடகர் குழுக்கள் இன்றும் இருக்கின்றன. அந்தக் கோயில்கள் பலவற்றில் காலால் மிதித்து வாசிக்கிற பழைய ஆர்மோனியம் ஒன்று இருந்தது. எங்கள் சொந்தக்காரர் ஊர்க் கோயிலில் இருந்ததை, கீபோர்டு வாங்கிய கையோடு, காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கேட்டபோது "அதுல காத்து நிக்கலை" என்றார்கள்.

காற்று நிற்காதது பெரும்பாலும் துருத்தியின் தோலோ துணியோ கிழிந்ததால்தான். எலி கடித்திருக்கும், அல்லது காய்ந்து வெடித்திருக்கும். அதை மாற்றிவிடலாம். உள்ளே ஒலி எழுப்புகிற பித்தளை நாக்குகள் நூறு வருஷம் தாங்கும். தூசி அடைத்தால் ஊமையாகும், சுத்தம் செய்தால் மறுபடி பேசும். கீபோர்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாலிபர் கூட்டத்துக்கு அது வேண்டும். ஆனால் பல இடங்களில் தானாக ஓடுகிற தாளத்தைத் தட்டிவிட்டு அதன் பின்னால் சபை ஓடுகிறது. ஆர்மோனியத்தில் வாசிப்பவர் பாடுகிறவர்களின் மூச்சைக் கேட்டு மிதிப்பார். வரியின் முடிவில் கொஞ்சம் நிற்பார். அந்த நிதானம் போனது எனக்குப் பெரிய இழப்பு.

சேகர கமிட்டியில் (சபை நிர்வாகக் குழுவில்) இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். சபை விருந்தான அசன விழாவுக்குப் பந்தல், சீரியல் செட், சவுண்டு சர்வீஸ் என்று கணக்கு எழுதும்போது, பழைய ஆர்மோனியம் இருந்தால் அதைச் சரிபார்க்கவும் ஒரு வரி எழுதுங்கள். லண்டனில் குழாய்க்கு ஆள் கிடைத்ததுபோல இங்கே ஆர்மோனியத்தின் ஒரு கட்டைக்கு ஒரு குடும்பம் கிடைக்காதா? வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளிடம் கேட்டால் நிச்சயம் கொடுப்பார்கள்.

உங்கள் ஊர்க் கோயிலில் அப்படி ஒன்று இன்னும் இருந்தால், எந்த நிலையில் இருக்கிறது என்று படத்தோடு இங்கே போடுங்கள். துருத்தி கட்டத் தெரிந்த ஆசாரி, ஸ்வரம் சேர்க்கத் தெரிந்தவர் யாராவது நம் பக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.