ஒரு ஸ்பேஸ், பதினோரு ப்ரூஃப்

"ஆரஞ்சு கொஞ்சம் டல்லடிக்குது." ப்ரூஃபை, அதாவது அச்சுக்கு முந்தைய மாதிரித் தாளைப் பார்த்துவிட்டு யாராவது இந்த ஒரு வரி சொல்லிவிட்டால் அன்றைய பொழுது போச்சு என்று உங்களுக்கே தெரியும்.

பேன்டோன் ஆரஞ்சு 021 சி. டின்னில் தனி மையாக வருகிற நிறம். சிஎம்ஒய்கே-வில், அதாவது சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்கையும் வைத்துக்கொண்டு தலைகீழாக நின்றாலும் அந்தப் பளபளப்பு வராது. ப்ரூஃபில் கிட்டத்தில் கொண்டுபோகலாம், அவ்வளவுதான். சரி, அதையாவது செய்வோம் என்று ரிப்பில் (ஃபைலைப் பிரிண்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற மென்பொருள்) ஸ்பாட் கலர் டேபிளைத் திறந்தேன்; எந்தத் தனி நிறத்தின் பெயருக்கு எந்தச் சிஎம்ஒய்கே கலவை என்று சொல்கிற பட்டியல். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

மெஜந்தா 65-ஐ 60 ஆக்கி அடித்தேன். அதே ஆரஞ்சு. 55. அதே ஆரஞ்சு. கண்தான் ஏமாற்றுகிறதோ என்று தாள்களை விளக்கடியில் ஒட்டி வைத்துப் பார்த்தேன், இரட்டைப் பிள்ளைகள். 40-க்கு இறக்கினேன், மூன்றாவது பிள்ளை.

சேவ் ஆகவில்லையோ? ஆகியிருந்தது. பழைய ஜாபே ஓடுகிறதோ? அதை அழித்துவிட்டு ஃபைலைப் புதிதாக உள்ளே விட்டேன். கேச்சைக் காலி செய்தேன். கம்ப்யூட்டரை அணைத்தேன், பிரிண்டரையும் அணைத்தேன், அது மறுபடி தயாராகும்வரை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாவது தாள். ஆரஞ்சு.

வெறி வந்துவிட்டது. சியான் 100, மற்றதெல்லாம் பூஜ்யம். இப்போது நீலம் வந்தே தீர வேண்டும் இல்லையா? பத்தாவது தாள் நிதானமாக வெளியே வந்தது. டல் ஆரஞ்சு.

கடைசியில் ஃபைலில் இருந்த நிறத்தின் பெயர் மேல் கர்சரை வைத்தேன். 'சி'-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய கர்சர் ஒரு அடி தள்ளி நின்றது. ஸ்பேஸ்! எந்தப் புண்ணியவானோ பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் தட்டி வைத்திருக்கிறார். ரிப்புக்கு அது வேறு நிறம். டேபிளில் அந்தப் பெயர் இல்லை, அதனால் பிடிஎஃப்புக்குள் கிடக்கிற மாற்று சிஎம்ஒய்கே மதிப்பை எடுத்து அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் மாங்கு மாங்கென்று திருத்தியதெல்லாம் இந்த ஜாப் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு வரியை.

ஃபான்ட் இல்லையென்றால் சிவப்பு எச்சரிக்கை. படத்துக்கு ரெசல்யூஷன் குறைந்தால் மஞ்சள் முக்கோணம். மை தீருவதற்கு ஒரு வாரம் முன்பே ஒப்பாரி. ஆனால் "ஐயா, இந்தப் பெயரில் எனக்கு நிறம் தெரியாது, தோன்றியதை அடிக்கிறேன்" என்று சொல்ல மட்டும் இந்த மென்பொருளுக்கு வாய் வராது. 'பேன்டோன் 021 சி', '021 சிவிசி', 'லோகோ ஆரஞ்சு' என்று ஒரே நிறம் மூன்று பெயரில் வந்தாலும் மூன்று தனி அச்சு பிளேட்டாகப் பிரித்துக் கொடுக்கிற அதே மேதாவிதான்.

ஸ்பேஸை அழித்தேன். அனுப்பினேன். பதினோராவது தாள் வந்தது.

பளீரென்று நீலம். சியான் 100-ஐ மாற்ற மறந்துவிட்டேன். முதல் தடவையாகச் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது, கழுதை. தனியாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

அப்புறம், ஷேடு கார்டிலிருந்து 021 துண்டை மட்டும் கிழித்துக்கொண்டு போன மகராசன் யாராக இருந்தாலும், கொண்டுவந்து வைத்துவிடுங்கள். பத்தாவது தாள்வரை நான் எதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன் என்று நினைக்கிறீர்கள்? அந்த ஓட்டையோடு.